பச்சைப் பொத்தான்

மவுஸை இரண்டு கையாலும் பிடிக்கிற ஒரே மனிதரை என் கடையில்தான் பார்த்தேன். வலது கை மவுஸின் மேல் இருக்கும். இடது கை அந்த வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருக்கும். "எதுக்கு சார் இப்படி?" என்று கேட்டால், "அதுபாட்டுக்கு எதையாச்சும் அமுக்கிருச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்பார். அந்தக் கையைச் சந்தேகப்பட ஒரு காரணமும் கிடையாது. முப்பத்து நாலு வருடம் அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து, ஒரே ஒரு தடவை தவிர, எந்தக் காகிதத்திலும் தானாக முடிவெடுத்துக் கையெழுத்துப் போடாத கை அது.

எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அவருக்கே பிடிக்காது. "உரிய அனுமதி வாங்கிட்டியாம்மா?" என்று கேட்பார்.

என் கடை திருச்சுழியில் இருக்கிறது. ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, எல்லாம் ஒரே அறையில். தினமும் காலை அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து ஷட்டரைத் தூக்கும்போது அவர் எனக்கு முன்னால் வந்து நின்றிருப்பார். பென்ஷன்காரர், மனைவி இல்லை, மகள் கோயம்புத்தூரில். கடை வாசலில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஊர்க்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார். ஒரு பைசா வாங்க மாட்டார். என் கடையில் பேப்பர் வாங்கச் சொல்வார், அதனால் நான் அவரை விரட்டவில்லை. கொஞ்சம் சுயநலம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

மனு எழுதும்போது மட்டும் அவர் புலி. எதிரே தாலுகா ஆபீஸ் மரத்தடியில் வேறு இரண்டு பேர் மனு எழுதினார்கள். அவர்கள் எழுதுவதெல்லாம் ஒப்பாரி. 'கருணைக் கடலே, தெய்வத்திற்குச் சமமான ஐயா அவர்களே' என்று ஒரு பக்கம் ஓடும். கடைசி வரியில்தான் ரேஷன் கார்டு என்ற சொல் வரும். இவர் அதைப் பார்த்தால் பல்லைக் கடிப்பார்.

"மனுவுல கண்ணீர் எதுக்கு? சர்வே நம்பர் இருக்கா, அதைப் போடு. தேதி இருக்கா, அதைப் போடு. அழுதா ஈரம் காஞ்சிரும். நம்பர் காயாது."

"பெரிய ஆபீசர் சார், கோவிச்சுக்கிடுவாக..." என்று யாராவது இழுத்தால், "கோவிக்கட்டும். கேக்குறதுக்குத்தான் நீ, பதில் சொல்றதுக்குத்தான் அவுக. எதுக்குப் பயப்படுத?" என்று அதட்டுவார். கூனிக் குறுகி வருகிற ஆள்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ரோட்டைத் தாண்டி அலுவலகத்துக்குள் போவதை நானே பார்த்திருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி என்பது அவருக்காகவே சொன்னது என்று பின்னால்தான் தெரிந்தது.

அவருக்குச் சர்க்கரை. அது கண்ணுக்குப் போய்விட்டது. மனுவில் வரிகள் மேலே ஏறவும் கீழே இறங்கவும் தொடங்கின. மதுரையில் டாக்டர் ஊசி போட்டுப் பார்த்துவிட்டு, "இருக்குற பார்வையைப் பத்திரமா வச்சுக்கங்க, ரொம்ப நாளைக்கு வராது" என்று சொல்லிவிட்டார். மறுநாள் கடைக்கு வந்து, தலையைக் குனிந்தபடி சொன்னார்.

"ஏம்மா, நான் இல்லாட்டி இவுகளுக்கு யாரு எழுதுவா? திருப்பி மரத்தடிக்குத்தான் போவாக. ஒரு பொஸ்தகமாப் போட்டுட்டா, பாத்து அவுகளே எழுதிக்கிடுவாகல்ல. எனக்குக் கண்ணு தெரியும்போதே வந்துட்டா, ஒரு தடவை படிச்சுச் சரி பாத்துக்கிடுவேன்."

அப்படித்தான் அந்தப் புத்தகம் பிறந்தது. பெயர், 'பயமில்லாமல் மனு எழுதுங்கள்'. பட்டா பெயர் மாற்றத்திலிருந்து தெருவிளக்கு வரை நாற்பது மாதிரி மனுக்கள். அவர் வாயால் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். இரண்டு மாதத்தில் முடிந்தது. நல்ல புத்தகம். நானே அதைப் பார்த்து எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் கேட்டு எழுதினேன், வந்தது.

அச்சுக்கு ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினார். மூன்று மாதம் பதில் இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. அவருக்கோ அதில் ஒரு பரம திருப்தி. "பரிசீலனையில இருக்கும்மா" என்பார். யாரோ ஒருவருடைய மேசையில் தன் காகிதம் கிடக்கிறது என்றால் அவருக்கு அது தொட்டிலில் பிள்ளை தூங்குகிற மாதிரி. கண் போய்க்கொண்டிருக்கிறது, இந்த மனிதர் தொட்டில் ஆட்டிக்கொண்டிருக்கிறார். நான்தான் சொன்னேன், "சார், இப்ப யாரையும் கேக்க வேணாம். நாமளே இன்டர்நெட்டுல ஏத்திரலாம். யாராவது வாங்குனா அந்த வெப்சைட் கம்பெனியே அச்சடிச்சு அனுப்பிரும்."

"யாரையும் கேக்க வேணாமா?" என்றார். அவர் முகம் வெளுத்ததை அப்போது நான் சரியாகக் கவனிக்கவில்லை.

முதல் தடங்கல் ஓ.டி.பி. இணையதளத்தில் கணக்குத் தொடங்க அவர் போனுக்கு ஓர் எண் வரும், அதைப் பத்து நிமிடத்துக்குள் போட வேண்டும். எண் வந்தது. "சொல்லுங்க சார்" என்றேன். திரும்பிப் பார்த்தால், மஞ்சள் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, வரிசை எண், தேதி, அனுப்புநர், பொருள் என்று கட்டம் கட்டி, அந்த எண்ணைப் பதிவு செய்துகொண்டிருந்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

"தபால் வந்துருக்குல்ல. பதியாம எப்படி எடுக்குறது?"

பதிந்து, சரிபார்த்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணைச் சொன்னார். காலாவதி. மறுபடி கேட்டோம், மறுபடி வந்தது, மறுபடி பதிந்தார். அன்றைக்கு மட்டும் ஆறு தபால். ஏழாவதை அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கித்தான் போட்டேன். அதற்காக இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஏழாவது எண் பதிவேட்டில் ஏறாமலே போய்விட்டதாம்.

அடுத்து, நிபந்தனைகளை ஒப்புக்கொள்கிறேன் என்ற சின்னக் கட்டம். உலகத்தில் எல்லோரும் படிக்காமல் டிக் அடிக்கிற கட்டம் அது. இவர் அத்தனை பக்கத்தையும் பிரின்ட் போடச் சொன்னார். லென்ஸை வைத்துக்கொண்டு என்னை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னார். ஓரத்தில் பென்சிலால் 'தெளிவுரை தேவை', 'இது யாருக்குப் பொருந்தும்?' என்று எழுதினார். கடைசியில் அந்தக் கம்பெனிக்குப் பதினோரு கேள்வியோடு ஒரு கடிதம் தயாரித்தார். அதை அனுப்ப அஞ்சல் முகவரி வேண்டும் என்றார். "அவங்களுக்கு அட்ரஸே கிடையாது சார், எல்லாம் வானத்துல இருக்கு" என்றேன். "ஆபீஸு இல்லாதவன்கிட்டயா என் பொஸ்தகத்தைக் குடுக்கச் சொல்ற?" என்றார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று மனதுக்குள் திட்டினேன். வெளியே சொல்லவில்லை, பெரிய மனுஷன்.

பிறகு எழுத்து. நான் பழைய ஃபான்டில் அடித்திருந்தேன். ஏற்றிப் பார்த்தால் தமிழே இல்லை, கொம்பும் குறியும் கோடுமாகத் திரையில் மேய்ந்தன. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். தான் தொட்டதால்தான் கெட்டது என்று நினைத்துவிட்டார். அதை வேறு எழுத்துக்கு மாற்றித் திருத்த எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் அவர் கம்ப்யூட்டர் இருக்கிற பக்கமே திரும்பவில்லை.

இதெல்லாம் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். அட்டை ஏற்றியாயிற்று, பக்க அளவு சொல்லியாயிற்று. திரையின் கீழே ஒரே ஒரு பொத்தான் மிச்சம். 'வெளியிடு'.

"அமுக்குங்க சார்."

அவர் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பின்னால் இழுத்தார்.

"பச்சையா இருக்கும்மா."

"ஆமா சார், பச்சைதான்."

"நான் கிளார்க்கு."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. பச்சை மை பெரிய அதிகாரிகளுடையது. எழுத்தருக்கு நீலம். முப்பத்து நாலு வருடம் நீல மையில் எழுதி மேலே அனுப்பியவர், பச்சை மையில் ஒரு புள்ளி வைக்கும் பதவிக்கு வராமலே ஓய்வு பெற்றவர், அந்தப் பொத்தான் தன் அதிகாரத்துக்கு உட்பட்டதில்லை என்று நினைத்தார்.

"சார், அது வெறும் கலர் சார்! செவப்பா இருந்தா தீயணைப்பு ஆபீஸுக்குப் போன் பண்ணுவீங்களா?" என்று கத்திவிட்டேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் ஒரு கோப்போடு வந்தார். அட்டை, துளை, நாடா, எல்லாம் முறைப்படி. மேலே 'பொருள்: நூல் வெளியீடு – தொடர்பாக'. உள்ளே குறிப்பு: 'மேற்படி நூலினை வெளியிடலாம் எனப் பரிந்துரைக்கப்படுகிறது. ஆணைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது.' கீழே இடது ஓரம் அவருடைய சுருக்கொப்பம். வலது பக்கம் மேலதிகாரிக்காக வெற்றிடம். தான் எழுதிய புத்தகத்தை வெளியிடத் தனக்கே பரிந்துரை செய்து, ஆணையிட ஆளில்லாமல் அதை என்னிடம் நீட்டினார்.

"நீ போட்டுர்றியாம்மா? கடைக்கு ஓனர்ல."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "கோப்பெல்லாம் வேணாம், தள்ளுங்க, பொத்தானை நானே அமுக்கிர்றேன்" என்று மவுஸைப் பிடுங்கினேன். சட்டென்று என் கையைப் பிடித்துவிட்டார். பெண்பிள்ளை கையைத் தொட்டுவிட்டோமே என்று உடனே விட்டும்விட்டார்.

"வேணாம்மா. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா உன் பேருக்குல்ல மெமோ வரும்."

அப்போதுதான் அந்த ஒரே ஒரு கையெழுத்தின் கதை வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடும் வறட்சி. நரிக்குடிப் பக்கம் மாடுகள் எலும்பாக நின்றன. வைக்கோல் லோடு வந்தது. அதிகாரி விடுப்பில் இருந்தார். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து இல்லையென்றால் லாரியைத் திருப்பிவிடுவேன் என்றான் டிரைவர். இவர் போட்டுவிட்டார். வைக்கோல் இறங்கியது. இரண்டு மாதம் கழித்து, உனக்கு யார் அதிகாரம் தந்தது என்று மெமோ வந்தது. விசாரணை வருடக்கணக்காக ஓடியது. கூட வேலை பார்த்தவர்கள் பதவி உயர்ந்து போனார்கள்.

"மாடெல்லாம் பொழைச்சிருச்சு. நான் மட்டும் அதே நாற்காலியில கெடந்தேன்" என்றார்.

அவர் சூடு கண்ட பூனை. அது தெரியாமல் கேலி செய்ததற்காக அன்றைக்கு வெட்கப்பட்டேன். ஆனால் வெட்கப்பட்டால் புத்தகம் வருமா? கோப்பு என் மேசையில் கிடந்தது. பொத்தான் திரையில் கிடந்தது. வாரங்கள் போயின. அவர் என் முகத்தை விட்டுவிட்டுக் குரலை வைத்து என்னைக் கண்டுபிடிக்க ஆரம்பித்திருந்தார். டீ கிளாஸைத் தடவி எடுத்தார். இன்னும் ஒரு மாதம் போனால் புத்தகம் வந்தும் அவருக்கு அது அட்டையும் காகிதமும்தான்.

அந்த நேரத்தில் ராக்கு அக்கா வந்தாள். நரிக்குடிக்குத் தெற்கே ஆடு வளர்க்கிறவள், புருஷன் இல்லாதவள். அவளுடைய ஒன்றரை ஏக்கர் புஞ்சை, கம்ப்யூட்டரில் ஏற்றும்போது பக்கத்துக் காட்டுக்காரர் பெயரில் ஏறிவிட்டது. அதற்காக சார் அவளுக்கு மூன்று மனு எழுதியிருந்தார். மூன்றும் பரிசீலனையில். நாலாவது மனுவுக்கு அவள் முன்னொரு நாள் வந்தபோது சார் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அவள் காத்திருந்துவிட்டுப் போனாள். போகும்போது கடையில் ரஃப் பேப்பராகக் கிடந்த, நான் புத்தகத்துக்காகப் பிரின்ட் போட்டுக் கழித்த தாள்களில் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனது எனக்கு நினைவிருந்தது. ஆட்டுக்கு மருந்து மடிக்க என்று நினைத்தேன்.

"சார், சர்வேயரு வாராராம்! கடுதாசி வந்துருச்சு!" என்று வாசலிலேயே கூவினாள்.

"யாரு எழுதுன மனுவுக்கு?"

"நான் எழுதுனது சார். ஓங்க பேப்பரைப் பாத்து."

நகலை நீட்டினாள். எட்டாவது வரை படித்தவள். கோழி கிளறின எழுத்து. சார் கண்ணில் ஒட்டுகிற மாதிரி லென்ஸை வைத்துப் பார்த்தார், முடியவில்லை. "நீ படிம்மா" என்று என்னிடம் கொடுத்தார். படித்தேன். படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தாளில் இருந்த எல்லாவற்றையும் அவள் அப்படியே எழுதியிருந்தாள். உச்சியில் 'மாதிரி மனு – 7'. நடுவில் 'இங்கே உங்கள் சர்வே எண்ணை எழுதவும்' என்று எழுதி, பக்கத்தில் எண்ணையும் எழுதியிருந்தாள். கடைசியில் 'இங்கே கையொப்பமிடவும்', அதன் மேலேயே கையொப்பம். அதற்கும் அடியில், 'மறக்காமல் ரசீது வாங்கிக்கொள்ளவும்'.

"அந்த ஆபீசரு விழுந்து விழுந்து சிரிச்சாரு தாயி. இப்பிடி ஒரு மனுவைப் பாத்ததே இல்லையாம். சிரிச்சுக்கிட்டே முழுசாப் படிச்சாரு. படிச்சுட்டு, இதுல ஞாயம் இருக்கேன்னாரு."

சார் எழுதிய மூன்று பிசகில்லாத மனுக்களை யாரும் படிக்கவில்லை. தப்பும் தவறுமான இதைப் படித்திருக்கிறார்கள். சார் லென்ஸைப் பையில் போட்டார். பிறகு, "ஏம்மா, தனியாவா போன? பயமா இல்லையா?" என்று கேட்டார். மனுக் கொடுக்க வருகிறவர்களை அதட்டுகிற குரல் இல்லை அது. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"பயந்துக்கிட்டேதான் குடுத்தேன் சார். பயம் போன பெறகு குடுப்போம்னு இருந்தா, நான் போன பெறகுதான் குடுக்கணும்."

அவர் எழுந்து கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தார். "அந்தப் பக்கத்தைத் தெறம்மா. பச்சை எங்க இருக்கு?" என்றார். அம்பை நகர்த்தி வைத்தேன். அமுக்கினார்.

திரையில் ஒரு வரி வந்தது. சத்தமாகப் படித்தேன். "உங்கள் நூல் பரிசீலனையில் உள்ளது."

நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டார். "மேல ஆளு இருக்காகளா! இதை மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்னம்மா?"

எனக்கும் தெரியாது என்றால் நம்புங்கள். அதற்கு முன்னால் நான் யாருக்கும் புத்தகம் ஏற்றியதில்லை.

மூன்றாம் நாள் திரும்பி வந்தது. அட்டை அளவு பொருந்தவில்லை. நான் தலையில் கை வைத்தேன். அவர் கையைத் தேய்த்துக்கொண்டார். குறை சொல்லித் திரும்பி வந்த காகிதத்தை நிவர்த்தி செய்து மறுபடி அனுப்புவது அவருடைய முப்பத்து நாலு வருடப் பிழைப்பு. "என்ன குறைன்னு கேட்டிருக்காக? அவுக கடுதாசியோட பார்வை எண் போட்டு எழுது" என்றார். பச்சைப் பொத்தானை மறுபடி அமுக்கினார். மறுபடி திரும்பியது, பக்க ஓரம் போதவில்லை என்று. நான் வரிகளை இழுத்து நெருக்கினேன், அவர் அமுக்கினார். நாலு தடவை. நாலாம் தடவை என்னைக் கேட்காமலே அமுக்கினார்.

புத்தகம் பார்சலில் வந்த அன்று ராக்கு அக்காவும் இருந்தாள். புஞ்சையில் எல்லைக் கல் நட்டாயிற்று என்று சொல்ல அதிரசம் கொண்டுவந்திருந்தாள். பத்துப் பிரதி. சார் ஒன்றை எடுத்து அட்டையைத் தடவினார். முகர்ந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சன்னல் பக்கம் போய்ப் பார்த்தார். பிறகு அதை ராக்கு அக்காவிடம் கொடுத்தார்.

"நீ படி. உன் மனுவைப் படி."

எழுத்துக் கூட்டிப் படித்தாள். முடித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள், திரும்பப் புரட்டினாள்.

"சார், மனுவைக் குடுத்துட்டு மறக்காம ரசீது வாங்கிக்கிடணும்னு நான் வச்சிருந்த தாள்ல கடைசியில இருந்துச்சு. இதுல இல்லையே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்க ஓரத்துக்காக நான் நெருக்கியபோது விழுந்த வரி அது. இருக்கிற வரிகளிலேயே முக்கியமான வரி. ரசீது இல்லாத மனு, கிணற்றில் போட்ட கல். இப்படி ஒரு பிழை வந்துவிடும் என்றுதானே அந்த மனிதர் பயந்து பயந்து செத்தார். அவரால் இனி படித்துச் சரி பார்க்கவும் முடியாது.

"சார், நான்தான் சார்... மார்ஜின் வைக்கும்போது..."

"ஏம்மா, அட்டையில யாரு பேரு போட்டுருக்கு?"

"உங்க பேரு சார்."

"அப்பறம் நீ எதுக்கு நடுவுல வார? யாரு கேட்டாலும் என்னையச் சொல்லு. அமுக்குனது நான்." கையை நீட்டினார். "ராக்கு, பேனா எடு. அந்த வரியை அடியில எழுது. எழுதிட்டு என் விரலை அந்த எடத்துல வையி."

அவள் தன் கோழிக் கிளறலில் எழுதினாள். அவர் விரலைப் பிடித்து அதன் கீழே வைத்தாள். அவர் முழுக் கையெழுத்துப் போட்டார். சுருக்கொப்பம் இல்லை. வரியைத் தாண்டி ஓரத்துக்கு ஓடியது. அடுத்த பிரதியிலும் அவள் எழுத, நான் தள்ளினேன், போட்டார். அதற்கடுத்ததையும் போட்டார். பத்தும் முடிந்தது, ஒன்றுகூட நேராக இல்லை. பேனாவை மூடாமல் என் பக்கம் திரும்பினார்.

"இன்னும் இருக்காம்மா?"